கீழ்வரிசையில் நாலு பல்

நாற்காலி பின்னால் சாய்ந்தது. சென்னியப்பன் சாயவில்லை. முதுகை விறைத்துக்கொண்டு இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "சாஞ்சுக்குங்கய்யா, அது ஒண்ணும் உங்கள முட்டாது" என்றாள் நர்ஸ் ரோசலின். ஐம்பது வயதுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். முட்டு அவருக்குப் புதுசா என்ன. புளியம்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிற ஆள், முட்டுக்கும் உதைக்கும் பயந்தால் சோறு இறங்குமா. சாய்ந்தார். தலைக்கு மேலே விளக்கு. விளக்கைச் சுற்றி வெள்ளைக் கூரை. கூரையில் பார்க்க ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாக்கு சும்மா இருக்காது, நேராகக் கீழ்வரிசைக்குப் போகும். போனது. நடுவில் நாலு பல். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தள்ளிப் பார்க்காதீங்க என்று பாவாத்தா பஸ்ஸில் வரும்போதே சொன்னாள். பாவாத்தா அவர் சம்சாரம். வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோபி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய முறுக்கை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு முப்பத்திரண்டும் இருக்கிறது, சுவரில் அடித்த ஆணி மாதிரி. தள்ளிப் பார்க்காமல் எப்படி இருப்பது. ஆடுகிறதா இல்லையா என்பதுதானே இன்றைக்குக் கேள்வி. டாக்டர்ப் பெண் யாமினி போன தடவையே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். சுத்தம் பண்ணியாச்சு, மருந்து வெச்சு வெளிச்சமும் குடுத்தாச்சு, பங்குனியில வாங்க, பார்ப்போம், ஈறு பிடிச்சிருந்தா விட்டுடலாம், இல்லீன்னா அந்த நாலையும் எடுத்துடறதுதான் நல்லதுங்க. எடுத்துடறது. என்னமோ காட்டில் களை எடுக்கிற மாதிரி. இரண்டு மாசமாக இந்தச் சொல் கூடவே வருகிறது. டீக்கடையில் உட்கார்ந்தால் எடுத்துடறது. செருப்பை மாட்டினால் எடுத்துடறது. பங்குனி வந்துவிட்டது. வந்தும் தொலைத்தாயிற்று.

நாலும் போனால்தான் என்ன. இட்லி இருக்கிறது. களி இருக்கிறது, அதை யார் கடிக்கிறார்கள், முழுங்குவதுதானே. கடைவாய்ப் பல் இரண்டு எப்போதோ போய்விட்டது, எந்த வருஷம் போனது என்று கூட ஞாபகமில்லை. அதற்கு ஒன்றும் தோன்றவில்லை. இது அப்படியில்லை. இது கீழ்வரிசை. முன்பல். மாட்டுக்கு மேலே முன்பல்லே கிடையாது, வெறும் ஈறுதான், இது தெரியாதவன் சந்தைக்குள் வரவே கூடாது. கீழேதான் எட்டு. அந்த எட்டை வைத்துத்தான் வயசு, விலை எல்லாம். கட்டைவிரலால் உதட்டை இழுத்தால் போதும், ரெண்டு பல் போட்டிருக்கிறதா, நாலா, ஆறா, எட்டும் சேர்ந்துவிட்டதா, சேர்ந்து தேய்ந்துவிட்டதா, மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிடுவார். தேய்ந்து, இடைவெளி விழுந்து, ஒன்றிரண்டு உதிர்ந்துபோன வாய் என்றால் சொல்லவே வேண்டாம். உதட்டை விட்டுவிட்டுக் கையைத் துண்டில் துடைப்பார். அந்தப் பக்கம் நிற்கிற, அறுப்புக்கு ஏற்றுகிற லாரிக்காரன் அதைப் பார்த்துவிட்டு வருவான். அடிமாடு. புல்லை இழுக்க முடியாத வாய்க்கு வேறு என்ன பெயர் வைப்பது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, தொழில் அது. ஆனால் கார்த்திகை மாசம் ஒருநாள் காலையில் பல் விளக்கித் துப்பியபோது ரத்தம் தண்ணீரைவிட அதிகமாக இருந்தது. கண்ணாடியைப் பார்த்துத் தன் உதட்டைத் தானே கட்டைவிரலால் இழுத்தார். ஈறு ஊதி, பல்லை விட்டு விலகி, பழுத்த தக்காளி நிறத்தில் இருந்தது. பல் நாலும் நீண்டு தெரிந்தன. உதட்டை விட்டார். கை தானாகத் துண்டுக்குப் போயிற்று. பாதியில் நிறுத்திவிட்டார். நிறுத்தினாலும் போனது போனதுதானே. அன்றிலிருந்து விலை பேசும்போது வாய்க்கு நேராகத் துண்டை வைத்துக்கொள்கிறார். துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை சொல்கிற தொழிலில் ஆளும் ஆளும் முகத்தோடு முகம் நெருங்கி நிற்க வேண்டும். ஒரு கேரளாக்காரன் கையை உள்ளே விட்டுக்கொண்டு முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். நாற்றம். அவருக்கே தெரியாது, வாய்க்குச் சொந்தக்காரனுக்குத் தன் வாய் நாறாது. பாவாத்தா ஒன்றும் சொன்னதில்லை. ஏலக்காய் டப்பாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டாள், அவ்வளவுதான். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சின்ராசு இருக்கிறானே, நேற்று வந்த தரகன், அவன் டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது கேட்டான்: "ஏனுங்ண்ணா, உங்களுக்கே இன்னம் எத்தன பல்லுன்னு தெரியல, மாட்டுக்குப் பல்லுப் பாக்கறீங்களே." சிரித்தார்கள். இவரும் சிரித்தார். துண்டுக்குப் பின்னால்.

முன்னாலேயே வந்திருக்கலாம். வரவில்லை. ஆட்டம் ஆரம்பித்து இரண்டு வருஷம் இருக்கும். பாவாத்தா அப்போதே சொன்னாள், "ஏனுங், ஒரு எட்டு டாக்டர்கிட்டக் காட்டுனா என்னங்." இவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "மாட்டுப் பல்லு கொஞ்சம் அசையத்தான் செய்யும் புள்ள. அசையாம இருந்தா மேல் ஈறு கிழிஞ்சு போயிரும். நல்ல மாட்டுக்கு அது லட்சணம்." "நீங்க மாடா" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள். அவள் கேட்டது கேள்வியாகவே அன்று படவில்லை. மாட்டுக்கு அப்படித்தான். எட்டும் சேர்ந்த காளை, ஏர் இழுக்கிற காளை, உழவுக்கென்று கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போகிற காளை, அதன் முன்பல்லைப் பிடித்து அசைத்தால் அசையும். இத்தனை வருஷம் கையால் அசைத்துப் பார்த்த ஆளுக்குத் தன் பல் அசைந்தபோது பயம் வரவில்லை. பாந்தமாகத்தான் இருந்தது. ரத்தம் வந்தபோது உடம்புச் சூடு என்று மோர் குடித்தார். ஈறு வீங்கியபோது உப்பை வைத்துத் தேய்த்தார். பல் இடுக்கில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு, பல் எதனால் வலிக்கிறது என்று யோசித்தார். போதும், அதை இப்போது நோண்டுவானேன். புகையிலையை விட்டாயிற்று. டாக்டர்ப் பெண் போட்ட முதல் நிபந்தனை அதுதான், விட்டா வாங்க, விடலீன்னா பஸ்ஸுக்குச் செலவு பண்ணாதீங்க என்றாள். அப்படிப் பேசுகிற ஆளை அவருக்குப் பிடிக்கும். விட்டுவிட்டார். விட்டதிலிருந்து எல்லோர் மேலும் கோபம் வருகிறது, அது வேறு.

அதோ வந்துவிட்டாள். செருப்புச் சத்தமே இல்லை. "எப்படிங்கய்யா இருக்கீங்க" என்றாள் யாமினி, முகமூடிக்குள்ளிருந்து. கண் மட்டும் தெரிந்தது. "இருக்கறேன் அம்மிணி. சீக்கிரம் பாத்துச் சொல்லுங்க." "அவசரமா?" "சாயந்தரம் சந்தைக்கு வண்டி ஏத்தணும்." பொய். சந்தை நாளை மறுநாள். ரோசலின் அவர் கழுத்திலிருந்து இடுப்பு வரை பச்சைத் துணியைப் போர்த்தினாள். கைகள் இரண்டும் துணிக்குள் போய்விட்டன. அங்கே அவற்றுக்கு நிம்மதி. வாயைத் திறந்தார். எச்சில் உறிஞ்சுகிற குழாய் உதட்டோரம் தொங்கிக்கொண்டு சுர்ரென்று இழுத்தது, தொட்டியில் கடைசித் தண்ணீரை உறிஞ்சுகிற மாடு மாதிரி. இனிமேல் பேச முடியாது. மெல்லிய கம்பி ஒன்றை யாமினி கையில் எடுத்தாள். போன தடவை எடுத்த அதே கம்பி. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒவ்வொரு இடமாக வைத்து வைத்து எண் சொல்லுவாள், ரோசலின் குறித்துக்கொள்வாள். இங்கிலீஷில்தான் சொல்லுவாள். சொல்லட்டும். கன்னடத்துக்காரனும் மலையாளத்துக்காரனும் ஆந்திராக்காரனும் வருகிற சந்தை, ஒன்றிலிருந்து பத்து வரை எந்தப் பாஷையில் சொன்னாலும் அவர் காதுக்கு விலைதான். போன தடவை ஓரத்துப் பற்களுக்கெல்லாம் த்ரீ, த்ரீ, டூ, த்ரீ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நடுவே இந்த நாலுக்கு வந்ததும் குரல் மாறியது. செவன். செவன். சிக்ஸ். செவன். துணிக்குள் அவர் வலது கை இடது கையின் விரல்களைப் பிடித்துப் பார்த்தது. ஐந்தைச் சேர்த்து ஒரு பிடி, பிறகு ரெண்டு. ஏழு. ஏழு, ஏழு, ஆறு, ஏழு. வீட்டுக்குப் போய்ப் பாவாத்தாவிடம் சொன்னார், "மத்த பல்லெல்லாம் மூணுக்கு மேல தேறலையாம். முன்பல்லு நாலும் ஏழு நிக்குது." "அப்பறம் எதுக்கு அதையே எடுக்கோணும்ங்கறாங்க" என்றாள் அவள். இது ஒரு கேள்வியா. வாங்குகிறவன் எதை மட்டம் தட்டுவான், எது நல்லதோ அதைத்தான். ஒன்றுக்கும் ஆகாத உருப்படி மேல் யார் இத்தனை மருந்தும் வெளிச்சமும் செலவழிப்பார்கள். மூணு வாங்கின பல் பக்கமே அவள் வெளிச்சத்தைக் கொண்டு போகவில்லை. ஏழுக்கு மட்டும்தான் காட்டினாள். அதிலேயே தெரியவில்லையா. இப்படி நினைத்துத்தான் இரண்டு மாசம் ஓட்டினார். எடுத்துடறது என்று ஒரு பக்கம், ஏழு என்று ஒரு பக்கம். ராத்திரி தூக்கம் வராவிட்டால் ஏழு.

கம்பி உள்ளே இறங்கியது. வலி அவ்வளவாக இல்லை. போன தடவை கண்ணில் தண்ணீர் வந்தது, இப்போது வரவில்லை, இது நல்லதா கெட்டதா, உணர்ச்சி செத்துப்போன இடத்தில்தான் வலிக்காது. த்ரீ, டூ, த்ரீ என்று வலது ஓரத்திலிருந்து வந்தாள். சரி. வழக்கமானது. இன்னும் ஒன்று, பிறகு நடு. துணிக்குள் கை தயாராக இருந்தது. "ஃபோர்" என்றாள். கை ஐந்தைப் பிடித்துவிட்டிருந்தது, மேலே ரெண்டுக்காகக் காத்திருந்தது. நாலா. காது சரியாகத்தான் கேட்டதா. "ஃபோர்." இரண்டாவதும். "த்ரீ." மூன்றாவது. மூணு. ஏழில் நின்ற உருப்படி மூணுக்கு வந்துவிட்டது. சந்தையில் இப்படி ஒரு நாள் வரும், மழை பிடித்துக்கொண்டால், இல்லை கோமாரி நோய் பரவுகிறது என்று எவனாவது கிளப்பிவிட்டால். காலையில் சொன்ன விலைக்கு மதியம் ஆள் இருக்காது. துண்டுக்குள் விரல் ஒவ்வொன்றாகக் கழன்று போகும், பிடித்திருக்கிற ஐந்து நாலாகும், நாலு மூணாகும், மாட்டுக்காரன் முகத்தைப் பார்க்காமல் நிற்பான். அப்போதெல்லாம் இவர்தான் விரலைக் கழற்றுகிற ஆள். கழன்றால் எப்படி இருக்கும் என்று இதுவரை தெரியாது, இப்போது தெரிகிறது. நாலாவது மிச்சம். கம்பி அங்கே போய் நின்றது. கொஞ்சம் உள்ளே போயிற்று. இன்னும் கொஞ்சம். "சிக்ஸ்." ஆறு. அப்பாடா. ஒன்றாவது. மூணு பேரும் போனாலும் நீ இருக்கிறாய். அந்தப் பல்லை, இடது பக்கத்து நாலாவதை, நாக்கு போய்த் தொட்டது. கம்பி இருந்ததால் தொட முடியவில்லை, பாதியில் திரும்பி வந்தது. மூணு பல் எடுத்தால் மூணு பல் அகலத்துக்கு ஓட்டை. ஒற்றைப் பல் நிற்கும், ஊர் எல்லைக் கல் மாதிரி. சின்ராசு என்ன சொல்லுவான். சின்ராசு ஒன்றும் சொல்ல வேண்டாம், பேச்சே சொல்லிவிடும், சந்தை என்று சொல்ல வந்தால் காற்றுப் போகும். விலை கூவினால் விசில் வரும். ஆள் இவர் பக்கம் வராது. வராவிட்டால் காலையில் எழுந்து எங்கே போவது. சந்தைக்குப் போகாத புதன்கிழமை எப்படி இருக்கும், அதை அவர் பார்த்ததே இல்லை. பாவாத்தா தட்டில் களியை உருட்டி வைப்பாள். அவளும் துண்டில் கையைத் துடைத்துக்கொள்வாள். இல்லை, அவள் மாட்டாள். மாட்டாள் என்பதுதான் இன்னும் கஷ்டம். குழாய் சுர்ரென்றது. இந்த விளக்கை யாராவது அணைத்தால் தேவலை. டாக்டர்ப் பெண்ணும் நர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். யாமினியின் கண் சுருங்கி இருந்தது. சிரிக்கிறாளா. சிரிக்கிறாள். அடுத்தவன் பல்லைப் பிடுங்குவதில் இவளுக்கு என்ன சிரிப்பு. நல்ல பெண் என்று நினைத்தோமே.

குழாயை எடுத்தாள். "துப்பிக்குங்கய்யா." துப்பினார். தொட்டியில் ரத்தத்தைத் தேடினார். ஒரு இழை கூட இல்லை. அதைப் பார்த்தார், பார்த்தும் மனசில் ஏறவில்லை. "எறங்கிப் போச்சுங்களா அம்மிணி" என்றார். "நல்லா எறங்கிருச்சுங்கய்யா. நானே இவ்வளவு எதிர்பார்க்கல." "அப்ப எடுத்துருங்க." "எதை?" "அந்த மூணையும். ஆறு இருக்கற ஒண்ண மட்டும் விட்டுட்டு." யாமினி முகமூடியைக் கீழே இறக்கினாள். முழு முகத்தையும் இன்றைக்குத்தான் பார்க்கிறார், தாடையில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. "ஐயா, ஏழுன்னா என்னன்னு நெனச்சுட்டு இருந்தீங்க?" சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்தார். "வெலைதான். மதிப்பு. பல்லு எவ்வளவு தேறும்னு நீங்க போடறது." ரோசலின் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. யாமினி சிரிக்கவில்லை. கம்பியை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அதில் கறுப்புக் கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. "இது அளவுகோலுங்கய்யா. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல எவ்வளவு ஆழத்துக்குப் பள்ளம் இருக்குதுன்னு பாக்கறது. மூணு வரைக்கும் எல்லாருக்கும் இருக்கும், எனக்கும் இருக்குது, நாலுன்னாலும் பயமில்ல. ஏழுன்னா ஏழு மில்லிமீட்டர் குழி. அதுக்குள்ளதான் கிருமி குடியிருக்குது. போன தடவை உங்க முன்பல்லு நாலும் குழிக்குள்ள நின்னுட்டு இருந்துச்சு. இப்ப ஈறு ஏறி வந்து மூணு பல்லப் பிடிச்சுக்கிச்சு." "இன்னொண்ணு?" "அந்த ஆறுதான் இன்னும் அடம் பிடிக்குது." ரோசலின் திரும்பினாள். "ரெண்டு மாசமா குழியத் தூக்கித் தலையில வெச்சுட்டுச் சுத்தியிருக்கீங்க ஐயா." "நீ பேசாம இரம்மா" என்றார். கோபம் வந்தது. யார் மேல் என்று தேடியது, ஆள் கிடைக்கவில்லை. ஏழு குழி. பாவாத்தாவிடம் ஏழு நிற்குது என்று சொன்னாரே. குழி நிற்குது. நீங்க மாடா என்று கேட்டாளே. இரண்டு மாசம் ராத்திரி ராத்திரி எதைப் பிடித்துக்கொண்டு தூங்கினார், அந்தக் குழியைத்தான். இப்போது கூட, ஒரு நிமிஷம் முன்னால் கூட, நீயாவது இருக்கிறாயே என்று எதைத் தடவிக் கொடுக்கப் போனார், நாலிலும் எது மோசமோ அதை. மூணும் நல்லதாகி வாயில் உட்கார்ந்திருக்க, அதுகளை எடுத்துவிடு என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். டாக்டர் வேறு ஆளாக இருந்து, சரிங்க என்று சொல்லி இடுக்கியைக் கையில் எடுத்திருந்தால்? "அம்மிணி." "சொல்லுங்கய்யா." "நாஞ் சொன்னத எல்லாம் கேக்காதீங்க." "கேக்க மாட்டேங்க" என்று முகமூடியை ஏற்றிக்கொண்டாள்.

அடம் பிடிக்கிற நாலாவதுக்கு மட்டும் மறுபடி சுத்தம் செய்து, மருந்து, வெளிச்சம். "சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேங்கய்யா. வெளிச்சம் மட்டும் எல்லாத்தையும் பண்ணிடாது, சுரண்டிச் சுத்தம் பண்ணினதும் நீங்க புகையில விட்டதும் சேர்ந்துதான் இவ்வளவும். ஆனா இது ஒத்த பல்லு, ரெண்டு பக்கமும் நல்ல பல்லு நிக்குது. முயற்சி பண்ணலாம்." பண்ணு என்று கையை ஆட்டினார். பேசினால் மறுபடி எதையாவது உளறுவோம். மரத்துப்போக ஊசி போட்டு, சுரண்டி, கழுவினாள். பிறகு மழுங்கிய ஊசி ஒன்றால் நீல மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஈறுக்குள் விட்டாள். வெள்ளை வேட்டிக்குப் பாவாத்தா போடுகிற நீலம் மாதிரி, அதைவிட அழுத்தம். ரோசலின் கறுப்புக் கண்ணாடியை அவர் கண்ணில் மாட்டினாள். உலகம் மங்கியது. "கொஞ்ச நேரம் ஊறட்டுங்கய்யா, அசையாதீங்க." போன தடவை இதே நிலையில் அவருக்குச் சூடு போடுகிற இரும்புதான் ஞாபகம் வந்தது. காளைக்குத் தொடையில் இரும்பைக் காய்ச்சி வைப்பார்கள், மயிர் பொசுங்குகிற வாடை வரும், நாலு பேர் பிடிப்பார்கள். வெளிச்ச வைத்தியம் என்றதும் அதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கடிக்க முடியாது, திறந்த வாயோடு காத்திருந்தார். சூடே இல்லை. சத்தம் இல்லை. சிவப்பாக ஒரு முனை வந்து ஈறைத் தொட்டுக்கொண்டு நின்றது, அப்புறம் முடிந்தது என்றாள். இது என்ன வைத்தியம், டார்ச் அடிக்கிற வைத்தியம் என்று அன்றைக்கு மனசுக்குள் திட்டினார். எப்படி வேலை செய்கிறது என்று யாமினி சொன்னாள், காதில் விழவில்லை, அப்போது காது முழுக்க ஏழு. இன்றைக்குக் காது காலியாக இருக்கிறது. "இந்த நீலம் என்ன பண்ணுதுன்னா ஐயா" என்று அவளே ஆரம்பித்தாள், "குழிக்குள்ள இருக்கற கிருமி மேல போய் ஒட்டிக்கும். சும்மா ஒட்டினா ஒண்ணும் ஆகாது. சிவப்பு வெளிச்சம் பட்டதும் நீலம் ஒட்டின கிருமி அப்படியே செத்துரும். உங்க சதைக்கு ஒண்ணும் பண்ணாது." ஓ. இவ்வளவுதானா. இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாமே. சொல்லியிருப்பாள். விற்று முடிந்த மாட்டின் மேல் வாங்கினவன் பச்சையோ நீலமோ பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவான். சாயந்தரம் லாரி வரும். நூறு மாடு கலந்து நின்றாலும் லாரி ஏற்றுகிறவன் எவனையும் கேட்க மாட்டான், கோடு இருக்கிறதை மட்டும் ஓட்டிக்கொண்டு போவான், பக்கத்தில் உரசிக்கொண்டு நிற்கிற மாட்டைத் தொட மாட்டான். அப்படியானால் நீலம் கோடு. வெளிச்சம் லாரி. ஈறுக்குள்ளே இப்போது லட்சக்கணக்கான கிருமி மேல் கோடு விழுந்துகொண்டிருக்கிறது. உடம்பெல்லாம் ஒரு மாதிரி இளகியது. இத்தனை நாளும் யாரை ஏற்றப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஏறப் போகிறது அவர் இல்லை.

"வெளிச்சம் வைக்கறேங்கய்யா." சிவப்பு வந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள்ளும் அது கொஞ்சம் தெரிந்தது, உதட்டின் உள்பக்கமெல்லாம் சிவந்து, பகலில் கண்ணை மூடிக்கொண்டு சூரியனைப் பார்த்தால் இமைக்குள் தெரியுமே, அப்படி. ஒன்றும் தெரியவில்லை, சூடு இல்லை, குளிர்ச்சி இல்லை. ஏறட்டும். எல்லாம் ஏறட்டும். முனை பல்லின் முன்பக்கம் நின்றது, பக்கவாட்டுக்கு நகர்ந்தது, உள்பக்கம் போனது, அங்கே நின்றது. ஒவ்வொரு இடத்திலும் அவள் பேசாமல் காத்திருந்தாள். இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பொறுமை. தனக்கு இருந்ததில்லை. உதட்டை இழுத்தால் ஒரு பார்வை, ஒரு சொல், அடுத்த மாடு. ஒரே வாய்க்குள் ஒரே பல்லுக்கு இத்தனை நேரம் நிற்கிற ஆளை அவர் சந்தையில் கண்டதில்லை. அவளுக்கு முதுகு வலிக்காதா. அறுபத்தாறு வயசு ஆளின் வாய், நாற்றம் இருக்குமோ, இப்போதும் இருக்குமோ. அவள் முகத்தைத் திருப்பவில்லை. மூஞ்சிக்கும் மூஞ்சிக்கும் நடுவே ஒரு சாண். முகமூடி போட்டிருக்கிறாள், அதனால்தான். இல்லை, சற்று முன்னால் இறக்கினாளே, அப்போதும் திருப்பவில்லையே. தாடையில் தழும்பு தெரிய அப்படியேதானே குனிந்து நின்றாள். அந்த இடத்தில் நினைப்பு நின்றது. அப்புறம் எங்கேயும் போகவில்லை. வெளியே பாவாத்தா யாரோடோ பேசுகிற சத்தம் கேட்டது, யாருக்கோ முறுக்கு நீட்டுகிறாள் போல, "எடுத்துக்குங்க அம்மிணி, பல்லு வலியா, எங்கூட்டுக்காரருக்கும் அதான்" என்று. தெரியாத ஆளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். சொல்லட்டும். ரெண்டு நாள் கழித்துப் புதன்கிழமை. கிளம்ப வேண்டும்.

சிவப்பு அணைந்தது. "முடிஞ்சுதுங்கய்யா. வாயை மூடிக்கலாம்." அவர் மூடவில்லை. கண்ணாடியை ரோசலின் எடுத்தாள், வெள்ளைக் கூரை மறுபடி வந்தது. அவர் பச்சைத் துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, திறந்த வாய்க்குள் விரலால் காட்டினார். நாலாவதுக்குப் பக்கத்துப் பல்லை. பிறகு அதற்கும் பக்கத்தை. "என்னங்கய்யா?" "அங்ஹ" என்றார். யாமினி குனிந்து பார்த்தாள். "இதுக்கும் வெளிச்சம் வேணுங்கறீங்களா? அதுக்கு வேண்டியதில்லீங்க. அது உங்ககூட இருக்கும்." அவர் விரல் நாலாவதுக்கு வந்தது. அவள் கொஞ்சம் யோசித்தாள். "இத ஆனி மாசம் பாத்துட்டுச் சொல்றேன். வருவீங்களா?" தலையை ஆட்டினார். இரண்டு தரம் ஆட்டினார். அப்புறம்தான் வாயை மூடினார். உதடு பல்லின் மேல் வந்து படிந்தது. "எந்திரிங்கய்யா, சந்தைக்கு வண்டி ஏத்தோணும்னீங்களே" என்றாள் ரோசலின், "வெளிய ஆள் காத்துட்டு இருக்காங்க." "சித்த இரம்மா" என்றார் சென்னியப்பன். "என்ன அவசரம்."